வலிப்பு வர்ற குழந்தைக்கு கீட்டோ சாப்பாடு: மொத டெஸ்ட்ல இருந்து நிறுத்துற நாள் வரைக்கும் முழு வழிகாட்டி

மண்டியில எடை போடுற ஆளு நான். பாலக்கோடு தக்காளி மண்டியில ஒரு பொட்டிக்கு கால் கிலோ முன்னப்பின்ன ஆனா யாரும் பெருசா கண்டுக்க மாட்டாங்க, அதே நான் வூட்டுக்கு வந்தா எம்பொண்ணு கிண்ணத்துல ஒரு கிராம் நெய் கொறஞ்சிடுச்சானு திருப்பித் திருப்பி தராசுல வெக்கிறேன். ஒன்றரை வருசமா இதான் பொழப்பு. பாப்பாவுக்கு வலிப்பு, ரெண்டரை வயசுல ஆரம்பிச்சது, நின்னுட்டு இருக்கறவ வெட்டுன வாழமரம் மாதிரி அப்படியே விழுவா, நெத்தியில எப்பவும் ஒரு காயம் இருக்கும். மூணு மாத்திரை மாத்தி மாத்தி குடுத்தும் நாளைக்கு இருவது தடவைக்கு கொறையல. இப்போ கீட்டோ சாப்பாட்டுல பத்தொம்பதாவது மாசம், வாரத்துக்கு ரெண்டோ மூணோ வருது, சில வாரம் வரவே இல்ல. முழுசா நின்னுடுச்சுனு பொய் சொல்லமாட்டேன்.

இத எழுதுறதுக்கு காரணம், நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் கீட்டோன்னாலே ஜிம்முக்கு போற பசங்க உடம்பு எளைக்க சாப்பிடுறதுன்னுதான் தெரியும். அது வேற, இது வேற. இது எடை போட்டு குடுக்குற மருந்து. மாத்திரைய அரை அரையா ஒடைச்சு நம்ம இஷ்டத்துக்கு குடுப்போமா, அந்த மாதிரிதான் இதுவும். அதனால யூடியூப் பாத்து வூட்டுலயே ஆரம்பிக்காதீங்க, ஏன்னு ரெண்டாவது படியில சொல்றேன்.

மொத படி: உங்க குழந்தைக்கு இது தேவையான்னு பாருங்க

வலிப்பு வந்த எல்லா குழந்தைக்கும் இது கெடையாது. பெரும்பாலான குழந்தைங்களுக்கு மாத்திரையிலயே அடங்கிடும், மூணுல ஒரு பங்கு பேருக்குத்தான் அடங்காது. சரியா தேர்ந்தெடுத்த ரெண்டு மருந்த சரியான அளவுல குடுத்தும் வலிப்பு நிக்கலன்னா அத மருந்துக்கு கட்டுப்படாத வலிப்புன்னு சொல்றாங்க, அந்த எடத்துலதான் கீட்டோ பத்தி கேக்கணும். இன்னொரு மருந்து பாத்துட்டு கேக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க, நாங்க அப்படித்தான் ஒரு வருசத்த விட்டோம்.

சில வலிப்பு வகைக்கு இது நல்லா வேலை செய்யும்: கைக்குழந்தைங்களுக்கு வர்ற வெஸ்ட் சிண்ட்ரோம், டிராவெட், டூஸ் சிண்ட்ரோம், லெனாக்ஸ் காஸ்டாட், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ். ரெண்டு நோய்க்கு மட்டும் கீட்டோதான் மொத மருந்தே, ஒண்ணு குளூட் 1 குறைபாடு, அதுல சர்க்கரை ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள சரியா போகாது, இன்னொண்ணு பைருவேட் டீஹைட்ரோஜினேஸ் குறைபாடு.

எப்படி வேலை செய்யுதுன்னா, மாவுச்சத்து சுத்தமா கொறைஞ்சு கொழுப்பு அதிகமா உள்ள போனா கல்லீரல் அந்த கொழுப்ப கீட்டோன்ங்கற பொருளா மாத்தும், மூளை சர்க்கரைக்கு பதிலா அத எரிச்சு ஓடும். அதுல மூளையோட நரம்பு ஏன் அமைதியாவுதுன்னு ஆராய்ச்சிக்காரங்க பல காரணம் சொல்றாங்க, ஒரே காரணம்னு முடிவாகல. ஆனா விசயம் புதுசு இல்ல. பட்டினி கெடந்தா வலிப்பு கொறையுதுன்னு ரொம்ப காலமாவே தெரியும், பட்டினி போடாமலே அதே நெலமைய உடம்புல உண்டாக்கலாம்னு 1921 ல அமெரிக்காவுல மாயோ கிளினிக்ல ரஸ்ஸல் வைல்டர்னு ஒரு டாக்டர் சொன்னாரு, கீட்டோஜெனிக் டயட்னு பேரு வெச்சதும் அவருதான். 1938 ல பெனிடாயின் மாத்திரை வந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் போயிட்டாங்க, கரண்டி தூக்கி எண்ணெய் அளக்கறத விட மாத்திரை சுலபம்தானே. 90 களுக்கு அப்பறம்தான் மறுபடி பேச ஆரம்பிச்சாங்க. 2008 ல லண்டன்ல கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரி டாக்டருங்க 145 குழந்தைங்கள வெச்சு ஒரு ஆய்வு போட்டாங்க, மூணு மாசத்துல கீட்டோ சாப்பிட்டவங்கள்ல 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல கொறஞ்சுது, சாப்பிடாதவங்கள்ல 6 சதவீதம்தான். அதாவது நூத்துக்கு அறுவது பேருக்கு அந்த அளவுக்கு பலன் இல்லைன்னும் அர்த்தம். அத மனசுல வெச்சுக்கிட்டே இறங்குங்க.

ரெண்டாவது படி: டெஸ்ட், இதுல சமரசமே கெடையாது

சில குழந்தைங்களுக்கு பொறவியிலயே கொழுப்ப எரிக்கிற சக்தி இருக்காது. கார்னிடின் குறைபாடு, கொழுப்பு அமிலத்த ஒடைக்க முடியாத நோய், பைருவேட் கார்பாக்சிலேஸ் குறைபாடு, போர்பைரியா, இந்த மாதிரி இருக்கற குழந்தைக்கு கீட்டோ குடுத்தா உசுருக்கே ஆபத்து. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. ரத்தத்துல டிஎம்எஸ்னு ஒரு டெஸ்ட், மூத்திரத்துல ஆர்கானிக் ஆசிட் டெஸ்ட், இது ரெண்டும் பாத்துட்டுதான் டாக்டர் சரின்னு சொல்வாரு. யூடியூப் பாத்து ஆரம்பிக்காதீங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

அது போக ரத்தத்துல கொழுப்பு, கல்லீரல், கிட்னி, கால்சியம், வைட்டமின் டி, வயித்து ஸ்கேன்ல கிட்னி கல்லு இருக்கான்னு, மூளையோட மின் அலைய பாக்கற இஇஜி, எடை உயரம். எல்லாம் அந்த ஆரம்ப அளவு கையில இருந்தாத்தான் ஆறு மாசம் கழிச்சு என்ன மாறுச்சுன்னு தெரியும்.

எங்க போறது? குழந்தை நரம்பு டாக்டரும் இந்த சாப்பாட்டு கணக்கு தெரிஞ்ச டயட்டீஷியனும் ஒரே எடத்துல இருக்கணும், அதான் முக்கியம். நம்ம பக்கத்துல இருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சிஎம்சி, சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரின்னு போறவங்க இருக்காங்க. மொதல்ல தருமபுரி இல்லன்னா கிருஷ்ணகிரி அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில குழந்தைகள் பிரிவுல காட்டி லெட்டர் வாங்கிட்டு போனா அலைச்சல் கொறையும். பாலக்கோட்டுல இருந்து பெங்களூருக்கு ரயில் இருக்கு, ஆனா வலிப்பு வர்ற குழந்தைய வெச்சுக்கிட்டு ஜன்னல் ஓரமா ஒக்காருங்க, மேல் படுக்கையில ஏத்தாதீங்க.

போகும்போது மூணு விசயம் எடுத்துட்டு போங்க. வலிப்பு வர்றத போன்ல எடுத்த வீடியோ, ஏன்னா டாக்டர் முன்னாடி அது வரவே வராது. மூணு நாளைக்கு குழந்தை சாப்பிட்டது எல்லாத்தையும் எழுதுன நோட்டு, பிஸ்கட்டு ஒண்ணு, டீயில ரெண்டு மொடக்குன்னு விடாம. இதுவரைக்கும் குடுத்த எல்லா மருந்து சீட்டும்.

மூணாவது படி: எந்த வகை

ஒரே சாப்பாடு இல்ல இது. பழைய முறையில 4:1 னு சொல்வாங்க, நாலு கிராம் கொழுப்புக்கு மாவுச்சத்தும் புரதமும் சேத்து ஒரு கிராம், மொத்த கலோரியில 90 சதவீதம் கொழுப்புல இருந்து வரும். கொஞ்சம் எளகுனது 3:1. ரெண்டுலயும் எல்லாத்தையும் எடை போடணும். அடுத்தது மாடிஃபைடு அட்கின்ஸ், இதுல மாவுச்சத்த மட்டும் நாளைக்கு 10 ல இருந்து 20 கிராமுக்குள்ள கட்டணும், முட்டை, கறி, மீனுக்கு எடை கெடையாது, நெய் எண்ணெய் தாராளமா. மூணாவது லோ கிளைசிமிக் முறை, மாவுச்சத்து 40 ல இருந்து 60 கிராம் வரைக்கும் போகலாம், ஆனா ரத்தத்துல சர்க்கரைய சட்டுனு ஏத்தாத பொருளா இருக்கணும்.

டெல்லி எய்ம்ஸ்ல 102 குழந்தைங்களுக்கு மாடிஃபைடு அட்கின்ஸ் குடுத்து பாத்து 2013 ல வெளியிட்டாங்க, குடுத்தவங்கள்ல 52 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல கொறஞ்சுது, குடுக்காதவங்கள்ல 11.5 சதவீதம். நம்ம நாட்டு குழந்தைங்க, நம்ம நாட்டு சமையல், அதனால எனக்கு லண்டன் கணக்க விட இதுமேலதான் நம்பிக்கை வந்துச்சு. என்னோட கருத்து, காலையில ரெண்டு பேரும் வேலைக்கு ஓடுற வூடா இருந்தா, தராசு வெச்சு மூணு வேளை சமைக்க ஆளு இல்லன்னா, டாக்டர்கிட்ட அட்கின்ஸ் ஒத்துவருமான்னு வாய்விட்டு கேளுங்க. கைக்குழந்தைக்கு மட்டும் பெரும்பாலும் எடை போடுற முறையத்தான் சொல்வாங்க.

நாலாவது படி: ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வூட்ட தயார் பண்றது

ஒரு கிராம் காட்டுற டிஜிட்டல் தராசு வாங்குங்க. மண்டிக்காரன் சொல்றேன் கேளுங்க, தராச சமமான கல்லு மேல வைங்க, ஃபேன் காத்துல வைக்காதீங்க, வாரத்துக்கு ஒருதடவ ஏதாவது ஒரே பொருள வெச்சு சரியா காட்டுதான்னு பாருங்க, நான் அஞ்சு ரூவா காயின் பத்து கட்டி வெச்சிருக்கேன். கிண்ணத்த வெச்சு சைபர் பண்ணிட்டு அப்பறம் பொருள போடணும். ரப்பர் கரண்டி ஒண்ணு கட்டாயம், கிண்ணத்துல ஒட்டிட்டு நிக்கிற நெய்தான் மருந்து, அத வழிச்சு வாயில குடுக்கலன்னா அந்த வேளை கணக்கே தப்பு.

அப்பறம் மருந்து. இத எங்களுக்கு மொதல்ல யாரும் சொல்லல. வலிப்புக்கு குடுக்குற சிரப்புலயே சர்க்கரை இருக்கலாம், காய்ச்சல் சிரப்பு, இருமல் சிரப்பு, சப்பி சாப்பிடுற வைட்டமின் மாத்திரைன்னு பலதுலயும் இருக்கும். எல்லா பாட்டிலையும் பையில போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டு போயி மாத்திரையா மாத்த முடியுமான்னு கேளுங்க. நீங்களா மாத்தாதீங்க, மெதுவா கரையுற மாத்திரைய நுணுக்கி குடுக்கக்கூடாது, எத நுணுக்கலாம்னு கேட்டுக்கணும். வலிப்பு மாத்திரைய கீட்டோ ஆரம்பிச்சதும் நிறுத்திடலாம்னு நெனைக்காதீங்க, அது டாக்டர் சொல்ற வரைக்கும் அப்படியே ஓடணும்.

அஞ்சாவது படி: மொத வாரம்

முன்ன காலத்துல ஒரு நாள் ரெண்டு நாள் பட்டினி போட்டு ஆரம்பிப்பாங்க, இப்போ பல எடத்துல அது இல்ல, 1:1, 2:1 னு மெதுவா ஏத்துறாங்க. எங்கள அஞ்சு நாள் வார்டுல வெச்சிருந்தாங்க. ஆறு மணி நேரத்துக்கு ஒருதடவ விரல்ல குத்தி சர்க்கரை பாத்தாங்க. ரெண்டாவது நாள் பாப்பா தொவண்டு போயி ரெண்டு தடவ வாந்தி எடுத்தா, எம்பொண்டாட்டி வேணாம் வூட்டுக்கு போயிடலாம்னு அழுதா. நர்ஸம்மா ஒரு அளவு வெச்சு ஜூஸ் குடுத்ததும் தெளிஞ்சுட்டா. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் ஆஸ்பத்திரி வேணும். குழந்தை ரொம்ப தூங்கி வழிஞ்சா, வேர்த்து வெளுத்துப் போனா, மூச்சு வேகமா வாங்குனா, வாந்தி நிக்காம எடுத்தா, சர்க்கரை எறங்கியிருக்கலாம் இல்லன்னா கீட்டோன் அளவு மீறியிருக்கலாம், ரெண்டுக்கும் ஒடனே டாக்டர்.

ஆறாவது படி: கணக்கும் சமையலும்

என்ன கணக்குன்னு ஒரு தடவ பாத்துட்டா பயம் போயிடும். பாப்பா அப்போ 12 கிலோ, நாளைக்கு 930 கலோரி, 3:1. மூணு கிராம் கொழுப்பு 27 கலோரி, ஒரு கிராம் மத்தது 4 கலோரி, கூட்டுனா 31. 930 ஐ 31 ஆல வகுத்தா 30. அப்போ கொழுப்பு 90 கிராம், புரதமும் மாவுச்சத்தும் சேத்து 30 கிராம், அதுல புரதம் 16 மாவுச்சத்து 14. மூணு வேளைக்கு பிரிச்சா ஒரு வேளைக்கு கொழுப்பு 30, மத்தது 10. அவ்வளவுதான்.

இப்போ ஒரு வேளை. முட்டை ஒண்ணு, ஓடு இல்லாம 50 கிராம், கீரை 50 கிராம், தேங்காய் துருவல் 10 கிராம், நெய்யும் தேங்காய் எண்ணெயும் சேத்து 21 கிராம். முட்டையில கொழுப்பு 5, தேங்காய்ல 4, மீதி 21, முப்பது ஆச்சு. இது எம்பொண்ணுக்கு போட்ட கணக்கு, உங்க குழந்தைக்கு உங்க டயட்டீஷியன் போடணும், காப்பி அடிக்காதீங்க.

கணக்கு சுலபம், ஊட்டறதுதான் கஷ்டம். 21 கிராம் எண்ணெய் ஒரு சின்ன ஆம்லெட்டுல போட்டா தட்டுல கொளமா நிக்கும், எந்த குழந்தை சாப்பிடும்? நாங்க பண்றது, முட்டைய ஒடைச்சு அதுலயே உருக்குன நெய்ய பாதி ஊத்தி நொர வர அடிச்சு, அடுப்ப சிம்முல வெச்சு மூடி வேகவிடறது, முட்டை பஞ்சு மாதிரி நெய்ய குடிச்சுக்கும். மீதி எண்ணெய கீரைய மத்துல கடையும்போது சேத்து கடைஞ்சா வெண்ணெய் மாதிரி ஆயிடும், பாப்பா வழிச்சு சாப்பிடுவா. சட்டியில ஒட்டுன எண்ணெயயும் கரண்டியால வழிச்சு அதே கிண்ணத்துல போடணும். கடையில வாங்குற அமுல் ஃப்ரெஷ் கிரீம்ல 25 சதவீதம் கொழுப்பு, பாக்கெட்டுல போட்டே இருக்கும், கணக்குக்கு நல்லது. வூட்டு பால் ஏடு ஒரு நாள் கெட்டி ஒரு நாள் தண்ணி, எடை முறைக்கு ஆவாது.

ஒகேனக்கல் மீன் கெடைச்சா ரொம்ப நல்லது, ஆனா மசாலா பொடியில அரிசி மாவு கலக்காத மீனா வூட்டுல வறுத்துக்கணும். வெள்ளரி, சுரக்கா, முள்ளங்கி, முட்டகோஸ் எல்லாம் அளவோட வரும். தக்காளியும் வரும், கொஞ்சமா, மண்டிக்காரன் வூட்டுல தக்காளிய கிராம்ல எண்ணுறோம் பாருங்க. வராதது எது? நம்ம களி. ஒரு சின்ன உருண்டைக்கு 50 கிராம் ராகி மாவு போச்சுன்னா அதுலயே 35 கிராம் கிட்ட மாவுச்சத்து, பாப்பாவோட முழு நாளைக்கே 14 தான். ராகி உடம்புக்கு நல்லதுதானேன்னு ஊரே கேக்கும். நல்லதுதான், அவளுக்கு மட்டும் இப்போ இல்ல.

இந்த சாப்பாட்டுல வைட்டமினும் தாதுவும் பத்தாது, அதனால சர்க்கரை இல்லாத மல்டிவைட்டமின், கால்சியம், வைட்டமின் டி கட்டாயம் எழுதிக் குடுப்பாங்க. அத விடாதீங்க.

ஏழாவது படி: ஓட்டைய அடைக்கறது

பாதி குடும்பம் தோத்துப் போறது இங்கதான்னு நெனைக்கிறேன். சமையல் சரியா இருக்கும், ஆனா எங்கயோ ஒழுகும். எங்களுக்கு ரெண்டாவது மாசம் நல்லா கொறஞ்சு வந்த வலிப்பு ஒரு வாரம் திடீர்னு ஏறிடுச்சு, காரணமே தெரியல, எண்ணெய மாத்துனோம், கிரீம மாத்துனோம். கடைசியில பாத்தா எங்கம்மா. தெனமும் மத்தியானம் பாப்பா வாயில சுண்டு விரல் அளவு வெல்லம். "புள்ள இப்புடி எண்ணெயவே குடிச்சுட்டு கெடக்குதே, ஆயா மனசு கேக்குமாடா"ன்னு அழுவுது. நான் என்ன சொல்றது. சர்க்கரை ஆலை இருக்கற ஊர்ல எம்பேத்திக்கு மட்டும் இனிப்பு இல்லையான்னு கேக்குது கெழவி. அடுத்த தடவ டாக்டர்கிட்ட போறப்ப அம்மாவையும் கூட்டிட்டு போனேன், டயட்டீஷியன் மேடம் அம்மா கைய புடிச்சுக்கிட்டு அந்த வெல்லத்துண்ட எடை போட்டு காட்டுனாங்க, 9 கிராம். அன்னையில இருந்து தராசுல எடை போடுறது எங்கம்மாதான், நான் தப்பு பண்ணா எனக்கே திட்டு விழுது. அதனால ஆயா தாத்தாவ ஒதுக்காதீங்க, வேலைய அவங்க கையில குடுங்க.

மத்த ஓட்டைங்க: அங்கன்வாடி சத்துமாவு, கோயில் பொங்கல், பக்கத்து வூட்டு பொறந்தநாள் கேக்கு, பஸ்ல யாரோ குடுக்குற மிட்டாய். டீச்சர்கிட்ட எழுதிக் குடுத்துடுங்க. மே ஜூன்ல கிருஷ்ணகிரி பக்கம் சொந்தக்காரங்க வூட்டுக்கு போறத கொறச்சுக்கிட்டோம், தெரு முழுக்க மாம்பழ வாசம், அதுல ஒரு குழந்தைய வேணாம்னு சொல்லி ஒக்கார வெக்கிறது பாவம்.

எட்டாவது படி: கீட்டோன் பாக்கறது, நோட்டு போடறது

மூத்திரத்துல வெக்கிற கீட்டோன் ஸ்ட்ரிப் மெடிக்கல்ல சொல்லி வெச்சா வரவழைச்சு குடுப்பாங்க. நனைச்சு எடுத்துட்டு, டப்பாவுல போட்டிருக்கற செகண்டு எண்ணிட்டு, வெளிச்சத்துல கலர ஒப்பிட்டு பாக்கணும். வெளிர் கலர்ல இருந்து கரு ஊதா வரைக்கும் போகும், எங்களுக்கு 80 ல இருந்து 160 க்குள்ள நிக்கணும்னு சொல்லியிருக்காங்க. காலையில கொறவா இருக்கும், சாயந்தரம் ஏறும், அதனால தெனம் ஒரே நேரத்துல பாருங்க. டப்பா மூடிய தொறந்து வெச்சா ஈரம் பட்டு கெட்டுடும். எங்களோடது ஒரு 40 பக்க நோட்டு, தேதி, கீட்டோன், எத்தன வலிப்பு, என்ன மாதிரி, சாப்பிட்டது மிச்சம் வெச்சது, வெளிக்கி போனது. டாக்டர் மொதல்ல அந்த நோட்டத்தான் கேப்பாரு.

ஒம்பதாவது படி: காய்ச்சல் வந்தா

காய்ச்சல், வாந்தி, பேதின்னா சாப்பாடு கணக்கு ஒடையும், அது பரவால்ல, மொதல்ல தண்ணி போகணும். ஓஆர்எஸ்ல குளுக்கோஸ் இருக்கு, அதுக்காக காஞ்சு போற குழந்தைக்கு குடுக்காம இருந்துடாதீங்க, உங்க டாக்டர்கிட்ட முன்கூட்டியே இதுக்கு என்ன பண்றதுன்னு எழுதி வாங்கி வெச்சுக்கோங்க. பாப்பாவுக்கு ஒருதடவ ராத்திரி காய்ச்சல்னு ஒரு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம், நான் கீட்டோன்னு சொன்னது அவங்களுக்கு புரியல, குளுக்கோஸ் ட்ரிப் ஏத்திட்டாங்க. விடியறதுக்குள்ள பதினோரு தடவ வலிப்பு. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, கையில ஒரு சீட்டு இல்லாம போனது நான். இப்போ பெங்களூரு டாக்டர் கையெழுத்து போட்ட லெட்டர் லேமினேட் பண்ணி பாப்பா பையிலயே இருக்கு: இந்த குழந்தை கீட்டோ சிகிச்சையில இருக்கு, சர்க்கரை எறங்கலன்னா டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) வேணாம், நார்மல் சலைன் போடுங்க, சிரப் வேணாம், ரத்தத்துல சர்க்கரையும் கீட்டோனும் பாருங்க.

வலிப்பு வர்ற நேரத்துக்கும் சேத்து சொல்லிடறேன். கையில சாவி இரும்பு குடுக்காதீங்க, வாயில கரண்டி வைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. ஒருக்களிச்சு படுக்க வெச்சு நேரம் பாருங்க. அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா டாக்டர் குடுத்த மூக்குல அடிக்கிற மிடாசோலம் ஸ்ப்ரே, 108.

பத்தாவது படி: பக்கவிளைவு, எத்தன நாளு

மலச்சிக்கல் நெறைய பேருக்கு வரும், தண்ணி, கீரை, அதுலயும் சரியாகலன்னா டாக்டர் சர்க்கரை இல்லாத மருந்து குடுப்பாரு. சில குழந்தைங்களுக்கு கிட்னியில கல்லு வரும், அதுக்கு பொட்டாசியம் சிட்ரேட் குடுக்கறாங்க, டோபிராமேட் மாத்திரை சாப்பிடுற குழந்தைன்னா இன்னும் கவனம். தண்ணி நெறைய குடிக்கணும், அதுவும் நல்ல தண்ணி. நம்ம மாவட்டத்துல பல ஊர் போர் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் குடிநீர் திட்டமே அதுக்காகத்தானே வந்துச்சு, ஏற்கனவே எலும்பு பலம் கொறைய வாய்ப்பு இருக்கற குழந்தைக்கு போர் தண்ணி குடுக்காதீங்க. ரத்தத்துல கொழுப்பு ஏறலாம், உயரம் மெதுவா ஏறும். பாப்பா ஒரு வருசத்துல வளர வேண்டியதவிட கொஞ்சம் கம்மியாத்தான் வளந்தா, புரதத்த கொஞ்சம் ஏத்திக் குடுத்தாங்க. மூணு மாசத்துக்கு ஒருதடவ ரத்தம், மூத்திரம், எடை உயரம் பாக்கறத விட்டுடாதீங்க, வலிப்பு நல்லா கொறஞ்சப்பறம்தான் பல பேரு போறதில்ல.

மூணு மாசம் ஒழுங்கா குடுத்து பாக்காம வேலை செய்யலன்னு சொல்லக்கூடாது. மூணு மாசத்துலயும் ஒரு மாத்தமும் இல்லன்னா டாக்டர்கிட்ட பேசி நிறுத்திடலாம், அதுல குத்த உணர்ச்சி வேணாம், நீங்க சமைச்சதுல தப்பு இல்ல. வேலை செஞ்சா ரெண்டு வருசம் வரைக்கும் ஓட்டுவாங்க, குளூட் 1 மாதிரி நோய்க்கு இன்னும் பல வருசம். நிறுத்தறதும் ஒரே நாள்ல இல்ல. ஒரு கல்யாணத்துக்கு போனோம், ஒரு எலை சாப்பாடு போட்டுட்டோம்னு ஒடைச்சா வலிப்பு மொத்தமா திரும்பி வரலாம். 3:1 ல இருந்து 2:1, அப்பறம் 1:1 னு ரெண்டு மூணு மாசத்துல எறக்குவாங்க, ஒவ்வொரு படியிலயும் வலிப்பு ஏறுதான்னு பாத்துட்டு, ஏறுனா பழைய படிக்கே திரும்பிடணும். எங்களுக்கு வர்ற தை மாசம் போகச் சொல்லியிருக்காங்க, இஇஜி எடுத்துட்டு எறக்கலாமான்னு அப்போ சொல்றேன்னாரு. அதுவரைக்கும் 21 கிராம்தான்.